பெயரிடுமுன் பழகுதல்: மாணவரை அறிவதில் எது முந்த வேண்டும்?

நன்னூற் பாயிரம் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கிறது. முதல் மாணாக்கருக்கு அன்னமும் பசுவும் உவமை; இடையினருக்கு மண்ணும் கிளியும்; கடையினருக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. கற்பிக்கும் முறையைச் சொல்லும் இடத்திலோ, கேட்பவர் எவ்வகையில் ஏற்பார் என்பதை அறிந்தே ஆசிரியர் பாடம் சொல்ல வேண்டும் என்கிறது அதே பாயிரம். வகைப்படுத்துவது ஒரே நாளில் முடிகிற வேலை. ஒரு பிள்ளை ஏற்கும் வகையை அறிவது பழக்கத்தால் மட்டுமே கைகூடும். பழக்கம் முந்த வேண்டும், வகை பிந்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கு வலுவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் கலிபோர்னியாவின் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடத்திய சோதனையை 1968இல் நூலாக்கினர். குருட்டுவாக்கில் தேர்ந்த ஏறத்தாழ 20 விழுக்காட்டுப் பிள்ளைகளை, ‘இவ்வாண்டு அறிவில் மலரப்போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தனர். ஆண்டிறுதியில், முதலிரு வகுப்புகளில் அப்பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவரைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. இந்த ஆய்வின் முறையியல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விவாதத்தைவிட முக்கியமானது, 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் இத்தகைய 18 சோதனைகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு இரண்டு வாரங்களுக்கு மேல் பழகிய பிறகு இத்தகவலைப் பெற்ற சோதனைகளில் அதன் விளைவு ஏறக்குறைய இல்லை. பிள்ளையை நேரில் அறிந்த ஆசிரியரை ஒரு முத்திரை அவ்வளவு எளிதில் அசைப்பதில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன். நல்ல முத்திரைக்கு இது பொருந்துமானால், கெட்ட முத்திரைக்கு எதிராகவும் பழக்கமே காப்பு என்று கருத இடமுண்டு.

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற அதன் நோக்கம் சரியானது. பெயர்களிலும் கனிவு இருக்கிறது. ஆனால் நிலை என்பது பிள்ளைக்கு எது வரவில்லை என்பதைத்தான் சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த பிள்ளையும், கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் ஒரே ‘அரும்பு’க் குழுவில் உட்காரக்கூடும். முதலாமவருக்குப் பேச்சு வேண்டும், இரண்டாமவருக்குக் கண்ணாடி வேண்டும். மேல் வகுப்புகளில் ‘மெல்லக் கற்போர்’ என்ற பட்டியல் இந்த வேறுபாட்டை இன்னும் முழுமையாக மறைத்துவிடுகிறது.

அறிவது எப்படி? நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ நூலில் ஒரு வழியைக் காட்டுகிறார். ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல் எது என்று கேட்டு, அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் குழந்தைக்கு அச்சொல் அடையாளம் தெரியாவிட்டால் அட்டையை அகற்றிவிடுவார். பிழை குழந்தையுடையதன்று, அது அக்குழந்தையின் சொல் அல்ல, அவ்வளவுதான். அச்சமும் அன்பும் வீட்டுச் சண்டையும் அச்சொற்களில் வெளிப்பட்டன. குழந்தையை அறிவதற்கென்று அவர் தனி நேரம் ஒதுக்கவில்லை. வாசிப்புப் பாடமே அறிமுகமாகவும் இருந்தது. நேரமில்லை என்ற நியாயமான குறைக்கு நான் கண்டவற்றில் நேர்மையான விடை இதுவே.

பள்ளி அமைப்பும் இதற்கு இடம் தர வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுக்கிறது. சுமை பெரிது என்றாலும், ஈராசிரியர் பள்ளியில் ஒரே ஆசிரியர் ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார். ஆறாம் வகுப்பில் பாட ஆசிரியர்கள் வந்ததும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் அறிந்திருந்ததில் மதிப்பெண் மட்டுமே மேலே போகிறது.

எனவே கல்வித் துறை இரண்டைச் செய்யலாம். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்கு எந்த நிலைப்பட்டியலும் ஆசிரியர் கைக்கு வராதிருக்கட்டும். அதன் பிறகு, பட்டியலோடு முந்தைய ஆசிரியரும் ஒருமுறை நேரில் வந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசட்டும். அந்த ஒரு நாளைப் பணிநாளாகக் கணக்கிட வேண்டும்.