பன்னிரண்டு வோல்ட்டில் விடிய விடிய

வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டைப் பக்கம் ஆடிக் கூழுக்கும் தெருக்கூத்துக்கும் மைக் செட் கட்டிய ஆள் நான். எங்கள் தொழிலில் ஆம்ப்ளிஃபயரைக் கையால்தான் எடைபோடுவோம். கூத்து முடிந்து விடிகிற நேரத்தில் பெட்டியின் முதுகைத் தொட்டால் அதைச் செய்தவரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

முதலில் வால்வுப் பெட்டிகள். அவற்றுக்கு 300, 400 வோல்ட் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் பேட்டரியிலிருந்து அவ்வளவு எடுக்க வைப்ரேட்டர் தேவைப்பட்டது. அதன் முனைகள் பொறி தட்டித் தட்டித் தீய்ந்துபோகும். டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. ஆனால் எங்கள் பிழைப்பை மாற்றியது 1960களில் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த 2என்3055 டிரான்சிஸ்டர்தான். 60 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கும். கார் பேட்டரியில் நேராக ஓடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 12 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரை நேராக ஓட்டினால் கணக்குப்படி நாலரை வாட்தான் தேறும். டீக்கடைக்குப் போதும், திருவிழாவுக்குக் காணாது. அதனால்தான் வீட்டு ஸ்டீரியோக்காரர்கள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கைவிட்ட பிறகும் மைக் செட்டில் அது நிலைத்தது. குறைந்த வோல்ட்டில் கிடைத்ததை அது 100 வோல்ட் லைனாக ஏற்றித் தரும். கோயிலிலிருந்து ரயிலடி வரை இழுத்த கம்பிக்கு 1 ஓம் தடை என்று வையுங்கள். 4 ஓம் வழியில் 100 வாட் கொடுக்க 5 ஆம்பியர் ஓட வேண்டும், கம்பியே 25 வாட்டைத் தின்றுவிடும். 100 வோல்ட் லைனில் 1 ஆம்பியர் போதும். நஷ்டம் 1 வாட். கடைசிக் கம்பத்து ஹாரனும் முதல் ஹாரனைப் போலப் பேசியது இதனால்தான்.

அடுத்தது சூடு. 2என்3055க்கு 115 வாட் என்று போட்டிருக்கும். அது உறை 25 டிகிரியில் இருந்தால்தான். தகரக் கொட்டகையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? உறையே கலெக்டர் என்பதால் ஹீட் சிங்க்கில் நேராக முடுக்கவும் முடியாது. நடுவில் மைக்கா, இருபுறமும் வெள்ளைப் பசை. அடுத்து பயாஸ், அதாவது ஒலி இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட். அது குறைந்தால் கூத்தில் கட்டியங்காரன் தணிந்து பேசும் இடமெல்லாம் கரகரக்கும். கூடினால் சூடு ஏறும், சூட்டால் கரண்ட் ஏறும், கரண்ட்டால் மறுபடி சூடு; கடைசியில் டிரான்சிஸ்டர் ஷார்ட். பயாஸ் டயோடை ஹீட் சிங்க்கோடு ஒட்டிவைத்த பெட்டி விடியும்வரை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். அப்படிச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பிறகு சென்னை ரிச்சி தெருவில் எஸ்.டி.கே. ஐ.சி.கள் வந்தன, டி.டி.ஏ.7294 வந்தது. இப்போது கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர். சூடு மிகக் குறைவு, பேட்டரிக்கு இதம். போர்டு வாங்கப்போகும் பையன்கள் என்னிடம் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார், ஹீட் சிங்க்கை விரலால் அளந்து பார், வாட்டை அப்புறம் படி என்கிறேன்.