யாருக்குக் கருமாதி?

1978இல் நான் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விழாவுக்கு ஆண்டுதோறும் ஷேக்ஸ்பியரில் ஒரு காட்சியும், தமிழில் ஒரு சபா நாடகமும் போடுவது வழக்கம். அந்த வருஷம் வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று எங்களில் சிலருக்கு ஆசை. கூத்து போடலாம் என்றேன். போளூர்க்காரன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மீட்டர் கேஜ் ரயிலில் ஊருக்கு வந்து, ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் இருந்த கூத்து வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். வெற்றிலை பாக்கில் பணத்தை வைத்து நீட்டி, எங்களுக்குக் கர்ண மோட்சம் சொல்லித்தர வேண்டும் என்றேன். அவர் கை நீட்டாமல் கேட்டார்:

"யாருக்குத் தம்பி கருமாதி?"

யாருக்கும் இல்லை வாத்தியாரே, காலேஜ் விழா என்றேன். கூட வந்த நண்பன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இன்று யோசிக்கும்போது, நாடகம் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நாடகவியல் கேள்வி அதுதான் என்று படுகிறது.

எங்கள் பக்கத்தில் கூத்துக்கு இரண்டு சந்தர்ப்பங்கள் முக்கியம். ஒன்று, திரௌபதி அம்மன் கோயில் பாரதம். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடந்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, கடைசியில் துரியோதனன் மண்ணுருவாகப் படுகளத்தில் கிடப்பான். அன்று மாலை தீமிதி. மற்றொன்று, சாவு. கருமாதிக்கு முந்திய இரவு கர்ண மோட்சம் விட வேண்டும். கர்ணன் கொடுத்த கொடையின் புண்ணியமும், கடைசியில் அதையே தாரைவார்த்துப் பெற்ற மோட்சமும் இறந்தவருக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. ஆகவே வாத்தியார் கேட்டது கிண்டல் அல்ல. தையற்காரன் அளவு கேட்பதைப்போலக் கேட்டார். யாருக்காக என்று தெரியாமல் எப்படி ஆடுவது?

நான் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. அரிஸ்டாட்டில் சொன்ன அவலநாயகன் இலக்கணத்துக்குக் கர்ணன் எவ்வளவு பொருந்துவான் என்று பத்து மார்க்குக்கு எழுத எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கல்விக்கூடம் நாடகத்தை முதலில் எழுத்தாகத்தான் அறிந்தது. 1891இல் வந்த மனோன்மணீயம் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை எழுதியது. லிட்டன் பிரபுவின் கதையிலிருந்து எடுத்த அது, மேடையைவிட வகுப்பறையில்தான் அதிக நாள் வாழ்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த சூரியநாராயண சாஸ்திரி 1897இல் நாடகவியல் என்று செய்யுளிலேயே இலக்கணம் செய்தார். விபுலாநந்தரின் மதங்க சூளாமணி (1926) ஷேக்ஸ்பியரையும் தசரூபகத்தையும் சிலப்பதிகார உரையையும் அருகருகே வைத்துப் பார்த்தது. மூன்றும் பெரிய காரியங்கள். ஆனால் அவற்றைப் படிக்கும் மாணவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதே காலத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் இரவு முழுக்க ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை.

மாணவனை எழுந்து நிற்கச்செய்தது, நான் பிற்பாடு படித்து அறிந்த வரையில், கடலுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம். எங்கள் மேடைக்குப் பதினாறு வருஷம் முன்பே, 1962இல், பேராதனையில் இன்னொரு கர்ணன் ஏறியிருந்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தான கர்ணன் போரை மாணவர்களை வைத்துத் தயாரித்தார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதே பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர 1956இல் மனமே நாடகத்தை மாணவர்களைக் கொண்டு போட்டிருந்தார். ஜப்பானில் நோவும் கபுகியும் பார்த்துவிட்டு வந்தவர், தம் நாட்டில் எஞ்சியிருந்த நாடகம் என்ற ஆட்டமரபில் நவீன சிங்கள அரங்குக்கு வேர் தேடினார். சார்ல்ஸ் சில்வா குணசிங்க என்ற மரபுக் கலைஞர் அவருக்குத் துணை நின்றார். அந்தச் சிங்கள நாடகத்துக்கே மூலம் தமிழ்க் கூத்து என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கடன் கொடுத்தவன் வீட்டில் பாத்திரம் காலியாக இருப்பதைக் கடன் வாங்கியவன் வீட்டு விருந்தில் உணர்ந்ததுபோலத் தமிழ்ப் பக்கம் ஒரு விழிப்பு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை முந்திய தலைமுறையில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் பல்கலைக்கழகத்தாருக்கு நாடகங்கள் எழுதி மேடையேற்றியிருந்தார். நானாடகம் 1940இல் அச்சானது. அவர் மாணவரான வித்தியானந்தன் பேச்சிலிருந்து ஆட்டத்துக்குப் போனார். அலங்காரரூபன் போன்ற கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். அண்ணாவிமாரைத் தேடிப் போனார். 1963இல் நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், வாலிவதை. இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அந்த இராவணேசனைத் தாமே மறுபடி தயாரித்தார்.

மாற்றங்கள் தெரிந்தே செய்யப்பட்டவை. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. சுற்றிலும் சனம் உட்கார்ந்து பார்த்த வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை வந்தது. பாத்திரத்துக்கு உள்மனம் கொடுக்கப்பட்டது. மரபு கெட்டது என்று சொன்னவர்கள் உண்டு; மரபு பிழைத்தது என்றவர்களும் உண்டு. இரண்டுமே உண்மை என்பதால் அந்த வாதம் எனக்கு அலுப்பூட்டுகிறது. நான் பார்ப்பது வேறு. படித்தவன் வெட்கப்பட்ட ஒன்றைப் பட்டதாரி தன் உடம்பில் ஏற்றுக்கொண்டான். ஆட்டத்தை உடம்பில் வாங்கியவனுக்கு அது அருங்காட்சியகச் சாமான் அல்ல. 1969இல் மௌனகுருவின் சங்காரம் அதே வடமோடியில் சாதியையும் வர்க்கத்தையும் அரக்கர்களாக்கி ஆடியது. அண்ணாவியின் காலடி ஏழே வருஷத்தில் வேறொரு போருக்கு உதவியது. யாருக்காக என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருந்தது.

நம் பக்கம் இது தாமதமாக நடந்தது. 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜமும் கேரளத்து ஜி. சங்கரப்பிள்ளையும் முன்நின்ற நாடகப் பயிலரங்கு. அதே வருஷம் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் வந்து நகரத்து இளைஞர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, நாடகம் அங்கே ஒரு துறையாகவே ஆயிற்று. இராமானுஜம் அங்கே ஆசிரியரானார். இந்த முயற்சிகளின் பெறுமதியை நான் குறைக்கவில்லை. ஆனால் அவற்றின் நிழலில் கூத்து 'உத்தி'யான நிகழ்ச்சிகளும் நிறைய வந்தன. கட்டியங்காரன் வருவான், திரை பிடிப்பார்கள், ஒரு கிறிக்கி சுற்றுவார்கள். நாடகத்துக்கு மண்வாசனை வந்துவிடும். அடவு வந்தது, ஆடுவதற்கான அவசியம் வரவில்லை. இதற்கு எதிர்த்திசையில் ஒரு காரியமும் நடந்தது. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் காஞ்சிபுரத்தருகே 2002இல் தொடங்கிய குருகுலத்தில் கூத்தோடு பள்ளிப் படிப்பும் இருந்தது. கல்லூரிக்குள் கூத்தைக் கொண்டுபோகாமல் கூத்துக்குள் பள்ளியைக் கொண்டுவந்தார்கள். ஆண்களே ஆடிவந்த களரியில் சிறுமிகள் கிரீடம் கட்டினார்கள்.

எங்கள் கல்லூரிக் கர்ண மோட்சத்துக்கு வருகிறேன். வாத்தியார் கடைசியில் ஒப்புக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் உள்ளங்கால் கொப்புளித்தது. சல்லியனோடு தர்க்கம், பொன்னுருவியிடம் விடைபெறுதல், கிருஷ்ணன் கிழப்பிராமணனாக வந்து யாசித்தல், எல்லாவற்றையும் ஐம்பது நிமிஷத்துக்குள் அடக்கச் சொன்னோம். எதை வெட்டினாலும் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். ஆசிரியர்களோடு உட்காரச் சொன்னபோது மட்டும் மறுத்து, வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நான்தான் கர்ணன். பாடத்தில் படித்திராத ஒன்றை அன்று உடம்பு தெரிந்துகொண்டது என்பது உண்மை. கூத்தில் பாட்டு மூச்சிலிருந்து வருவதில்லை, காலிலிருந்து வருகிறது.

முடிந்ததும் அவரிடம் எப்படி என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி தம்பி. ஆனா விடியலியே."

விழாவின் அழைப்பிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. இயக்கம் என்று ஒரு பேராசிரியர் பெயர். கர்ணனாக என் பெயர். ஒளி, ஒப்பனை, மேடைப் பொறுப்பு, எல்லாருக்கும் பெயர் உண்டு. கடைசியில், 'பயிற்சி: தெருக்கூத்துக் கலைஞர்.' அந்த அழைப்பிதழை எழுதியவன் நான். ஊரே அவரை வாத்தியார் என்றது. நானும் வாத்தியாரே என்றேன். இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

1984இல் அப்பா இறந்தார். கருமாதிக்கு முந்திய இரவு வீட்டெதிரே களரி போட்டார்கள். மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது நிமிஷத்தில் நான் ஆடி முடித்த கதையை ஜமா எட்டு மணி நேரம் ஆடியது. நடுச்சாமத்தில் சனம் தூங்கியது, கட்டியங்காரன் எழுப்பினான், மறுபடி தூங்கியது. பொன்னுருவி புலம்பியபோது அம்மாவும் சேர்ந்து அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை. கிழக்கு வெளுத்தபோது கர்ணன் விழுந்தான்.

வேஷம் கலைத்துக்கொண்டிருந்தவர்களிடம் வாத்தியார் வரவில்லையா என்று விசாரித்தேன். போன வருஷம் போய்விட்டார் என்றார்கள். அவருக்கும் இதே கூத்துதான் விட்டார்களாம். பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார்கள். ஆறு வருஷம் முன்பு அழைப்பிதழில் அச்சாகியிருக்க வேண்டிய பெயர் அது. அதை ஒரு கட்டுரையின் கடைசி வரியில் போட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள எனக்கு மனமில்லை.