லேசான வேலை



சுலபமான வேலையைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் உள்ளன. அவற்றில் இரண்டின் பிறப்பைத் தேடிப் போனபோது, எங்கள் மாத்தளைத் தோட்டங்களில் வழங்கிய மூன்றாவதொன்று என் நினைவுக்கு வந்தது.

முதலாவது ‘குஷி’. மகிழ்ச்சி என்ற பொருளில் நாமும் சொல்லும் அதே சொல்தான். பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்த இச்சொல்லை, இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் தமதாக்கிக்கொண்டனர். முதலாம் உலக யுத்த காலத்தில், அபாயமோ அலைச்சலோ இல்லாத உத்தியோகத்துக்கு அது பெயராகிப் பரவியது.

இரண்டாவது ‘கேக் வோக்’. அமெரிக்காவின் தென்பகுதிப் பெருந்தோட்டங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள், எஜமானர்களின் மிடுக்கு நடையைக் கேலி செய்து ஆடிய ஆட்டம் அது. சிறப்பாக ஆடியவர்க்கு கேக் பரிசு. பிற்காலத்தில் அது சிரமமற்ற வெற்றியைக் குறிக்கலாயிற்று. பாடுபட்டவரின் ஆட்டம், பாடுபடாமைக்குப் பெயராயிற்று.

மூன்றாவது ‘லேசான வேலை’. இதற்கு அகராதி தேவையில்லை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய எம்மவர், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து நடந்து வந்து மாத்தளையை அடைந்தார்கள். கோப்பி அழிந்தபின் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வந்தன. கொழுந்து பறிப்பது பாரமற்றது, பெண்களின் விரலுக்கு ஏற்றது என்று தோட்ட நிர்வாகங்கள் கருதின. கவ்வாத்து வெட்டுவதும் முள்ளுக் குத்துவதும் ஆண்களின் கடின வேலைகளாயின.

இந்தப் பாகுபாடு சம்பளத்திலும் இறங்கியது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929 இல் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது, மத்திய மலைப்பகுதித் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம்.

ஆனால் வேலை நேரம் வேறு கதை சொல்லும். கவ்வாத்துக்காரர் தமக்களந்த பங்கை முடித்துப் பிற்பகலிலேயே லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்தெடுப்பவரோ காலைப் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும். பிறகு அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள்.

றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் அம்மாயியின் உச்சந்தலையில், கூடைக்கயிறு பதிந்த இடத்தில் முடி இருக்கவில்லை. சிறுவனாக அதைத் தொட்டுப் பார்த்து நான் கேட்டபோது அவர் சிரித்தார்: “லேசான வேலைன்னு சொல்றவுங்க ஒருநா இந்தக் கயித்தைத் தலையில மாட்டிப் பாக்கட்டும்டா.”

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984 இல்தான், தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குப் பின்னர், கிடைத்தது. 1929 இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள். அம்மாயி அதைக் காணவில்லை.

ஒரு வேலை லேசானதா என்பதைச் செய்தவரிடம் கேட்காமல், செய்வித்தவர் தீர்மானித்ததன் விலை அது. நாளொன்றுக்கு 11 சதம்.