கடுவன் விட்ட கொம்பு

திருஞானசம்பந்தரின் அண்ணாமலைப் பதிகத்தில், இரண்டாம் பாட்டில், ஒரு குரங்கு வருகிறது. மாங்கனியைப் பறித்துக்கொண்டு அது கொம்பை விட்டுவிட, விசையோடு நிமிர்ந்த கொம்பு மேகத்தில் போய் இடிக்கிறது. மேகம் பாறைமேல் தூறலாகச் சிதற, பெண் ஆமா பொழிலுக்குள் ஒதுங்குகிறது. ஏழாம் நூற்றாண்டுத் திருவண்ணாமலை இது. ஆமா இன்று அந்த மலையில் இல்லை. வேறு மலைகளில் இருப்பதையும் ‘காட்டெருமை’ என்கிறோம்; அது எருமையே அல்ல, மாட்டினம். குரங்கு மட்டும் கிரிவலப் பாதையில் வாழைப்பழத்துக்குக் காத்திருக்கிறது.

சம்பந்தர் அதற்கு இட்ட பெயர் கடுவன். தொல்காப்பிய மரபியலின் கணக்குப்படி குரங்கின் ஆண் கடுவன், முசுவின் ஆண் கலை. பெண்ணுக்கு மட்டும் பொதுப்பெயர்: குரங்கு, முசு, ஊகம் மூன்றுக்கும் மந்தி. ஆக, ஆணைச் சொன்னால் இனம் தெரிந்துவிடும். மந்தி என்று மட்டும் சொன்னால் தெரியாது. அண்ணாமலைக் கடுவன், உச்சிமயிர் வட்டமாக விரிந்த நம் நாட்டுக்குரங்குதான். இந்தியத் தீபகற்பத்துக்கு வெளியே காட்டில் பார்க்க முடியாத இனம். குறுந்தொகை 69ஆம் பாட்டில் ஆண் இறந்ததும் குட்டியைச் சுற்றத்திடம் விட்டுவிட்டு மலையிலிருந்து பாயும் மந்தியோ வேறு. இறந்தது ‘கலை’ என்று பாட்டிலேயே இருப்பதால் அவள் முசுவினத்தாள், நீண்ட வாலும் கரிய முகமும் உள்ளவள். உரை படிக்கும்போது பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம்.

இந்த நுட்பம் நிலைக்கவில்லை. அதே அண்ணாமலையின் விரூபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் ரமண மகரிஷி வாழ்ந்த காலத்தில், கடிபட்டு வந்து அவரிடம் தேறிய ஆண்குட்டிக்கு ‘நொண்டிப் பையன்’ என்றே பெயர். பின்னாளில் அது தன் கூட்டத்துக்கே தலைவனானது. அப்போதும் யாரும் அதைக் கடுவன் என்று அழைத்ததாகத் தெரியவில்லை! அந்தச் சொல் இன்று ஆண் பூனைக்குப் போய்விட்டது. மலையாளத்தில் ‘கடுவ’ என்றால் புலி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் நடந்தது இன்னும் சுவையானது. வால்பாறை, களக்காடு பக்கத்து ஈரக்காடுகளில் வாழும் ஒரு கறுப்புக் குரங்குக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிர், வால்நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் எங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. 1758இல் லின்னேயஸ் அதற்கு ‘சைலீனஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்கக் கதையில் மதுக்கடவுளின் கூட்டாளியான கிழவன் பெயர் அது. ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலம் அதை ‘வாண்டரூ’ என்றும் எழுதின. சிங்களத்தில் வந்துரா என்பது இலங்கையின் நீளவால் குரங்கு. வானரம் என்பதன் வழிவந்த சொல். நம் குரங்கோ கடல் தாண்டியதே இல்லை. ஆங்கிலேயர் வாலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அதை அப்படியே பெயர்த்துத்தான் நாம் ‘சிங்கவால் குரங்கு’ என்றோம்.

தமிழில் இயற்கை எழுதுவோர் இப்போது சோலைமந்தி என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இடம் முன்னால், விலங்கு பின்னால் என்று பெயர் தானே அமைந்துவிடுகிறது. வெடிப்பலா காய்க்கும் சோலையை விட்டால் அதற்குப் பிழைப்புக் கடினம் என்பதும் உள்ளே இருக்கிறது. ஆனால் பெண்ணை மட்டும் குறித்த மந்தி என்ற சொல் தாடிவைத்த ஆணையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இனம் காட்டாத பெயர் இனத்துக்கே பெயரானது. ‘ஆண் சோலைமந்தி’ என்று எழுதினால் தொல்காப்பியர் முகம் சுளிப்பார்.

மரபியல் சொன்ன மூன்றில் மிஞ்சிய ஊகத்துக்குக் கருங்குரங்கு என்ற பொருள் அகராதியில் உண்டு. சோலைமந்திக்கும் அது பொருந்தும். அதே காடுகளில் வாழும் நீலகிரிக் கருமந்திக்கும் பொருந்தும். பின்னது முசுவுக்கு உறவு என்பதால் நான் ஊகத்தைச் சோலைமந்திக்கே கொடுப்பேன். முசுவைத் தேடி அகராதிக்குப் போக வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் போதும். நாம் சாம்பல் மந்தி என்று சுற்றி வளைத்துச் சொல்லும் விலங்கைக் கன்னடத்தார் இன்றும் ‘முசுவ’ என்றுதான் விரட்டுகிறார்கள்.