ஃபென்சிங்கில் முன்னேற ஜப்பானிய வாள்கலை கைகொடுக்குமா? கெண்டோ சொல்லும் 3 பாடங்கள்

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் எபே அணிப் பிரிவில் ஜப்பான் தங்கம் வென்றது. ஃபென்சிங்கில் அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2024 பாரிஸில் தனிநபர் எபே தங்கத்தை கோகி கானோ தட்டிச் சென்றார். சாமுராய் வாள்கலைதான் இதுக்குக் காரணமா?

அப்படிச் சொல்லிட முடியாது. டோக்கியோவில் தங்கம் வென்ற அணியின் பயிற்சியாளரே உக்ரைன்காரர்தான். ஆனாலும், கெண்டோவின் சில அடிப்படைகள் ஃபென்சிங் பழகுபவர்களுக்கு நிச்சயம் உதவும்.

1. மாஆய்: இடைவெளி

ஒரே அடி முன்வைத்தால் எதிராளியைத் தொட்டுவிடும் தூரம் எது? கெண்டோவில் பழக வேண்டிய முக்கியமான விஷயம் இது. ஃபென்சிங்கில் இது 'லஞ்ச்' தூரம். அதைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டால், எவ்வளவு வேகமான கை இருந்தாலும் தடுப்பது கஷ்டம்.

எப்படிப் பழகலாம்? வாள் இல்லாமல் இருவர் எதிரெதிரே நில்லுங்கள். ஒருவர் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் நகரட்டும். இடைவெளி மாறாமல் பார்த்துக்கொள்வது மற்றவரின் வேலை.

2. செமே: அழுத்தம்

அடிக்கும் முன்பே வாள்முனையால் நெருக்கி, எதிராளியை அசைய வைப்பதுதான் செமே. ஃபென்சிங்கில் கையை நீட்டி அரை அடி முன்னேறிப் பாருங்கள். அவர் தடுக்கிறாரா, பின்வாங்குகிறாரா, திருப்பித் தாக்குகிறாரா என்பது தெரிந்துவிடும். நிஜத் தாக்குதலை அதற்கேற்ப அமைக்கலாம்.

3. ஸான்ஷின்: அடித்த பிறகும் கவனம்

கெண்டோவில் அடி சரியாக விழுந்தாலும், அதன்பிறகு தயார்நிலை இல்லையென்றால் பாயின்ட் கிடையாது. ஃபென்சிங்கில் இப்படி விதி இல்லை. ஆனால் எபேயில் வாள்முனை 750 கிராமுக்கு மேல் அழுந்தினால்தான் விளக்கு எரியும். 'பட்டுடுச்சு' என்று நினைத்து நின்றுவிட்டால், பதிலடி நம்ம மேலதான் விழும். நடுவர் நிறுத்தும் வரை ஆட்டம் முடியவில்லை.

எதை எடுக்கக் கூடாது?

கெண்டோவில் வாளை இரு கைகளாலும் பிடித்து வெட்டுவார்கள். ஃபென்சிங்கில் ஒரு கைதான். அதிலும் எபே, ஃபாயில் பிரிவுகளில் முனையால் தொட்டால் மட்டுமே புள்ளி. வெட்டுக்கு இடமுள்ளது சேபரில் மட்டும்தான். எனவே கெண்டோவின் வெட்டுகளை விட்டுவிடுங்கள். தூரம், நேரம், கவனம் இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.