எலிக்கு ஒரு கணக்கு, மனிசருக்கு ஒரு கணக்கு

கப்பல்துறையில இருந்து தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போனா வயல்தான். அங்க பூச்சிநாசினியை யாரும் நஞ்சு எண்டு சொல்றதில்ல, 'மருந்து' எண்டுதான் சொல்றது. அந்தப் போத்தல் லேபிள்ல ஒரு நிறப்பட்டை இருக்கும். சிவப்பு எண்டா கடும் நஞ்சு, மஞ்சள் அதுக்கடுத்தது. இந்த நிறத்தை எதை வச்சு முடிவு செய்தவை?

அதற்கு 1927ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். ஜே. டபிள்யூ. ட்ரெவன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அளக்க நினைத்தது உண்மையிலேயே மருந்துகளைத்தான்: இன்சுலின், இதயநோய்க்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் போன்றவற்றின் வீரியத்தை. ஒரே அளவு கொடுத்தாலும் ஒரு விலங்கு சாகும், இன்னொன்று தப்பும். அதனால் கூட்டத்தில் பாதியைக் கொல்லும் அளவை அவர் எடுத்தார். இதுதான் எல்.டி. 50. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். கறிக்குப் போடும் உப்புக்கு, எலியில் இது சுமார் 3,000. எண் குறையக் குறைய நஞ்சு கூட. 1975இல் உலக சுகாதார நிறுவனம் பூச்சிநாசினிகளை வகுப்புகளாகப் பிரித்ததும் பெரும்பாலும் எலியில் எடுத்த இந்த எண்ணை வைத்துத்தான்.

1995இல் இலங்கையில் உயிர்மாய்ப்பு வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47. இதில் பெரும்பகுதி பூச்சிநாசினியால். அந்த ஆண்டே மிஞ்சியிருந்த முதலாம் வகுப்பு நஞ்சுகளை அரசு தடைசெய்தது. அந்த இடத்துக்கு எண்டோசல்பான் வந்தது. அது இரண்டாம் வகுப்புத்தான், ஆனா சாவு நிக்கேல்ல. 1998இல் அதுவும் தடை.

பிறகு 2002 முதல் 2008 வரை அனுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் நஞ்சுண்டு வந்த 9,000க்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஒரே வகுப்பில் இருந்த நஞ்சுகளுக்குள்ளேயே, ஒன்றில் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்தார்கள், இன்னொன்றில் பலர் இறந்தார்கள். எலிக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. மனிசருக்குப் பார்க்கிறோம், ஆனா எல்லா நஞ்சுக்கும் மாற்றுமருந்து இல்லை. எல்.டி. 50 சொல்லாமல் விட்டது இதைத்தான். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் மூன்றும் படிப்படியாக நிறுத்தப்பட்டன.

2005இலேயே அந்த 47, 24 ஆகிவிட்டது. கோபத்திலயோ துயரத்திலயோ ஒரு நிமிசத்தில எடுத்த முடிவிலிருந்து கனபேர் திரும்பி வந்திருக்கினம். 'மருந்து இல்லாட்டி விளைச்சல் விழுந்திடும்' எண்ட பயம் இருந்தது. ஆனால் 1995, 1998 தடைகளுக்குப் பிறகு நெல் விளைச்சல் விழவில்லை என்று இன்னொரு ஆய்வு காட்டியது.

லேபிளில் உள்ள நிறம் எலியின் கணக்கு. மனிசரின் கணக்கை ஆஸ்பத்திரி வார்டில் ஆட்களை எண்ணித்தான் எடுக்கவேண்டியிருந்தது.