நகல் எடுத்த கை



நான் வங்கியில் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு லெட்ஜர் நிரம்பிவிட்டால், ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் புதிய லெட்ஜரில் கையால் எடுத்து எழுதுவோம். "பார்த்து எழுதுகிற வேலைதானே" என்று சலித்துக்கொண்டதும் உண்டு. யோஹான் பீட்டர் கெல்னரைப் பற்றிப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

கெல்னர் 1705-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், கிரேஃபன்ரோடா என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மை, சாயம் செய்ய உதவும் புகைக்கரி வியாபாரம். மகனும் அதையே பார்க்க வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். மகனின் மனமோ இசையில் இருந்தது. ஆர்கன் வாசிப்பதில் பெயர் எடுத்தார். 1732 முதல் 1772-இல் இறக்கும்வரை சொந்த ஊரிலேயே 'காண்டர்' பதவியில் இருந்தார். தேவாலயத்தில் இசையை நடத்துவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அந்த வேலை.

அவர் பெரிதும் மதித்தவர் யோஹான் செபாஸ்டியன் பாக். அந்த நாளில் பாக்கின் இசையில் பெரும்பகுதி அச்சாகவில்லை. வேண்டுமென்றால் யாரிடமாவது இரவல் வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். கெல்னர் இருபது வயதிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

செல்லோ வாத்தியத்துக்கு பாக் எழுதிய 6 தொகுப்புகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் பாக் தன் கையால் எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று, கெல்னர் 1726 வாக்கில் எழுதியது. அதில் பிழைகள் உண்டு. 5-வது தொகுப்பு முழுமையாகவும் இல்லை. எங்கள் அதிகாரியாக இருந்தால் "டேலி ஆகவில்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பார்! ஆனாலும் அறிஞர்கள் இன்றும் அந்தப் பிரதியைப் புரட்டுகிறார்கள். லூட் என்ற நரம்பு வாத்தியத்துக்கான ஒரு சிறு இசை, கெல்னரின் பிரதியில் மட்டுமே தப்பியிருக்கிறது.

அவருடைய மாணவர் யோஹான்னஸ் ரிங்க். பேய்ப் படங்களில் திடுமென்று முழங்குமே ஓர் ஆர்கன் இசை, அதுதான் பாக்கின் பெயரில் வழங்கும் 'டி மைனர் டொக்காட்டா'. அது நமக்குக் கிடைத்ததே ரிங்க் எடுத்து வைத்த நகலால்தான். ஆசிரியரின் பழக்கம் மாணவருக்கும் தொற்றியிருக்கிறது.

கெல்னரும் சொந்தமாக இசை எழுதினார். ஆனால் இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த நகல்களுக்காகவே சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவின் பாட்டு நோட்டோ பாட்டியின் சமையல் குறிப்போ இருக்கலாம். இந்த விடுமுறையில் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து இன்னொரு பிரதி எழுதிவிடுங்கள். ஒன்றிரண்டு பிழை இருந்தால் பரவாயில்லை.